திருஷ்டிக் கொடி

நாலு குப்பை வண்டி நிக்குது, அதுல பாத்து என் வண்டியிலதான் மம்பட்டியப் போட்டாரு. மஸ்டர்ல பேரு கூப்பிட்டு முடிஞ்சு, செல்லுல மூஞ்சியக் காட்டி வருகை வச்சு, துடைப்பத்தை எடுக்கக் குனியுறேன், மேஸ்திரி கலியமூர்த்தி வந்து டொங்குனு போட்டுட்டு, "அஞ்சுகம், முதல்ல பம்ப் ரூம் சந்து. அந்தப் பூசணிக்கொடிய வெட்டி அள்ளிட்டு அப்புறம் தெருவுக்குப் போ. எட்டு மணிக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு, தரை சுத்தமா இருக்கணும்"னாரு. என் மூஞ்சியப் பாக்கல. எப்படிப் பாப்பாரு? போன மாசம் அதே கொடியிலேர்ந்து ஒரு காய வாங்கிட்டுப் போயி, மறுநாள் வந்து, "மோர்க்குழம்பு பிரமாதம் அஞ்சுகம், எம்பொண்டாட்டி இன்னொண்ணு கேக்குறா"ன்னு பல்லக் காட்டுன மனுசன்தானே. இன்னைக்கு அவருக்கு செல்லுல முக்கியமா எதையோ தேய்க்க வேண்டியிருக்கு. நான் மண்ணு சுமந்து, கண்ணாடி பொறுக்கி, குடம் குடமா தண்ணி தூக்கி வளத்த கொடி. அதை வெட்ட நானே போகணுமாம். என்ன நியாயம்யா இது. வாயத் தொறந்து கேக்கலாம்னு பாத்தேன், சரிங்க மேஸ்திரின்னுதான் வந்துச்சு. சீ, உன் வாயும் ஒரு வாயா. வண்டியத் தள்ளு. பம்ப் ரூமுக்கு மூணு தெரு தாண்டணும். இடது பக்கச் சக்கரம் கீச்சு கீச்சுங்குது, எண்ணெய் விடணும்னு ஒரு மாசமா நெனைக்கிறேன்.

பக்கத்துல புஷ்பம் அவ வண்டியோட வர்றா. மரியபுஷ்பம், பதினோரு வருசமா எனக்கு ஜோடி. ஒரு தெருவோட இந்தப் பக்கம் நான் கூட்டுனா அந்தப் பக்கம் அவ. "என்னடி பண்ணப் போற?"ங்குறா. தெரியலங்குறேன். நெசமாவே தெரியல. மாசிப் பனி இன்னும் விடல, மணிக்கட்டு குத்துது. இந்தக் கம்பி வச்ச மணிக்கட்டு இருக்கே, இதுக்குப் பனி வந்தா முதல்ல தெரிஞ்சுரும். மூணு வருசம் தாண்டிருச்சு. ஆயுத பூஜைக்கு மறுநாள். அன்னைக்கு எங்க ஆளுங்க ஒருத்தரும் ஒழுங்கா நடக்க மாட்டோம், தெரு பூராவும் உடைச்ச பூசணிக்காய். வாசலுக்கு வாசல், கடைக்குக் கடை, லாரி ஷெட்டுக்கு முன்னாடி மலையா. சூடம் ஏத்தி, வண்டியச் சுத்தி, ஓங்கி நடுரோட்டுல உடைச்சுட்டு, திரும்பிப் பாக்காம உள்ள போயிருவாங்க. திரும்பிப் பாக்கக் கூடாதாம். நாங்கதான் பாக்கணும். குங்குமமும் சதையும் வழுவழுன்னு, மிதிச்ச காலு எங்க போவும்னு தெரியாது. ரொம்புன வண்டியோட திருப்பத்துல நான் விழுந்தேன், வண்டி என் கை மேல விழுந்துச்சு. மளுக்குன்னு ஒரு சத்தம், இன்னமும் காதுல கேக்குது. எவன் வீட்டுத் திருஷ்டியோ என் மணிக்கட்டுல உக்காந்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கப்பப் பாத்தா பொடவையெல்லாம் விதை. வெள்ளை வெள்ளையா, ஒட்டிக்கிட்டு, ஒண்ணு ஒண்ணும் நல்லா முத்துன விதை. அன்னைக்கு அதையெல்லாம் தட்டி விட்டுட்டேன். சனியன், போன்னு தட்டி விட்டேன். அதுக்கு மூணு வருசம் கழிச்சு, அதே மாதிரி மறுநாள், அதே திருப்பத்து வீட்டு வாசல்ல குனிஞ்சு அள்ளுறப்ப கை நின்னு போச்சு. இவ்வளவு காயி. ஒரு தெரு பூராவும் கூட்டு வச்சுச் சாப்புடலாம், அத்தனையும் குப்பை லாரியில போவுது. ஒரு கைப்பிடி விதைய அள்ளி முந்தானையில முடிஞ்சேன். அள்ளிட்டு நாலா பக்கமும் பாத்தேன், என்னமோ திருடுன மாதிரி. ரோட்டுல கெடந்ததுக்கு எதுக்குடி பயம், உன்னைப் போல பைத்தியம் உண்டா.

ஆனா பயம் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. வீட்டுக்குப் போயி மூணு தரம் கை கழுவுனேன். மஞ்சத் தண்ணியில ஒரு தரம். விதைய வீட்டுக்குள்ள கொண்டு போகாம சைக்கிள் கேரியர்லயே வச்சிருந்தேன். அப்புறம்தான் பம்ப் ரூம் சந்துல கொண்டு போய் ஊனுனது. அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? எழில் நகர் பின்பக்கம், மோட்டாரைக் கழட்டிட்டுப் போன பழைய பம்ப் ரூம், அதுக்கும் சாக்கடைக்கும் நடுவுல ஒரு ரெண்டு ஆள் அகலத்துக்கு நீளமா கெடக்குற நகராட்சி மண்ணு. செவத்துல 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'னு எழுதியிருக்கும், எழுத்துக்குக் கீழயே ஈரமா இருக்கும். உடைஞ்ச டியூப் லைட்டு, கட்டட ரப்பிஸு, டயப்பரு, செத்த பூனை. நாத்தம் தாங்காம மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க. ஒருத்தனாவது மனு குடுத்தானா? கெடையாது. தெரு முடிஞ்சதும் தெனம் அரை மணி நேரம் நானும் புஷ்பமும் பொறுக்குனோம். சந்தையில வீசுன தழை, டீக்கடைத் தூளு, சாக்கடை வாருன காஞ்ச வண்டல், எல்லாம் அங்க. ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு, ஏறுச்சு பாரு கொடி! சுவத்து மேல, பம்ப் ரூம் கூரை மேல, அந்த எழுத்து மேல. மஞ்சப் பூ. பிஞ்சு விட்டா மேல சுணை குத்தும், முத்துனா சாம்பல் பூத்து நிக்கும், தடவுனா கையெல்லாம் வெள்ளைப் பொடி. மூத்திரம் போக வந்தவன் எல்லாம் நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போனான், பூசணிப் பூ மேல போக அவனுக்கே மனசு வரல. ஓரமா தண்டுக்கீரையும் கொத்தவரையும் போட்டேன். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். இப்ப அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பாம். மனுவுல அப்படித்தான் எழுதியிருக்காங்களாம், 'பொது இடத்தில் ஆக்கிரமிப்பு'. மனு குடுத்த அந்தம்மா வீட்டுக் காரு ஏறுறதுக்கு ரோட்டுல நாலடிக்கு சிமெண்டுச் சரிவு போட்டுருக்காங்களே, அது என்னவாம்? தெனம் அதை நான்தான் சுத்திச் சுத்திக் கூட்டுறேன்.

அந்தம்மா. வசுமதி அம்மா. சந்துக்கு நேர் எதிர், அந்தத் திருப்பத்து வீடு. வண்டி ரெண்டாவது தெருவுக்கு வந்துருச்சு, இன்னும் ஒரு தெரு. தப்பு என்னுதுதான், வேற யாரு தப்பு? நான்தானே சொன்னேன். சந்தோசத்துல சொன்னேன். பொங்கல் கழிஞ்சு முதல் காயை அறுத்ததும் முதல்ல அவங்க வீட்டுக்குத்தான் கொண்டு போனேன். ஏன்னா அவங்க வாசல் விதைதான் நல்லா முத்துன விதையா இருந்துச்சு, போன ஆயுத பூஜைக்கு புதுக் காருக்குன்னு பெரிய காயா வாங்கி உடைச்சிருந்தாங்க. "மதில் மேல வையி அஞ்சுகம்"னாங்க. கையில வாங்க மாட்டாங்க, அது தெரிஞ்ச கதைதானே, இந்தத் தெருவுக்கு வந்த ஏழு வருசமா மதில்தான். வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு அவங்களே கேட்டுக்கு வந்து, "கூட்டு வச்சேன், வெண்ணெயா வெந்துச்சு, கடையில இப்படிக் கெடைக்காது. வெதை எங்க வாங்குன?"னு கேட்டாங்க. அப்பவாச்சும் வாய மூடிக்கிட்டு இருந்தியா? சந்தையிலம்மான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எனக்குப் பெருமை தாங்கல. "உங்க வாசல்லதாம்மா! நீங்க காருக்கு உடைச்சீங்கல்ல, அதே காய்தான். உங்க காயே உங்களுக்குத் திரும்பி வந்துருச்சு பாருங்க"ன்னேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன்! நல்ல காரியம் பண்ணுன அஞ்சுகம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அவங்க மூஞ்சி வெளுத்துப் போனத நான் கண்ணால பாத்தேன். வயித்தப் புடிச்சுக்கிட்டாங்க. "அடிப்பாவி, கழிச்சுப் போட்டத என் வாயில போட்டுட்டியே"ன்னாங்க. நாலு நாள்ல அந்தக் காரு எங்கயோ கம்பத்துல உரசிருச்சு. அவ்வளவுதான், முடிஞ்சது கதை. தெரு பூராவும் சொல்லியாச்சு. கொத்தவரை பறிக்க வந்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் ஓரமா நடக்க ஆரம்பிச்சாங்க. மனு போச்சு. நேத்து வாசல் கூட்டிட்டு இருக்கேன், கேட்டுக்கு உள்ள நின்னுக்கிட்டு மெதுவா சொன்னாங்க, "உனக்குக் கெடுதல் நெனச்சுச் சொல்லல அஞ்சுகம். உன் பொண்ணு வாயும் வயிறுமா இருக்கா. பாத்துக்க."

அதுதான் உள்ள போயி மாட்டிக்கிச்சு, மீன் முள்ளு மாதிரி. உன் பொண்ணு வாயும் வயிறுமா இருக்கா, பாத்துக்க. வேலைய எடுத்துருவாங்கன்னா கூட ஒரு தைரியம் இருக்கு. பாத்துக்கங்குறாங்களே, என்னத்தப் பாத்துக்குறது? என் பொண்ணு தேன்மொழி பிரசவத்துக்கு வந்திருக்கா, ஒம்பது மாசம். ஒரு மாசமா அவளுக்கு வேற எதுவும் எறங்கல. புளிப்பு ஆகல, கருவாடு வாடை ஆகல, இந்தப் பூசணிக்காய் மோர்க்குழம்பு மட்டும் கிண்ணம் கிண்ணமா குடிக்கிறா. "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா"ங்குறா. ஊத்துனேன். ஊருல இருக்குறவன் கண்ணையெல்லாம் காய்ச்சி என் பொண்ணுக்கு ஊத்துனேனா? அப்படியும் தோணுது. நேத்து சாயங்காலம் கிண்ணத்தைக் கையில குடுக்கப் போயி, கை நின்னு போச்சு. அவ பாத்தா. "என்னம்மா?"ன்னா. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு ரசம் ஊத்துனேன். பாதியிலயே எழுந்துட்டா புள்ளை. போன தடவை மூணாம் மாசத்துலயே கலைஞ்சு போச்சே, அப்ப அவ எந்தப் பூசணிக்காயச் சாப்புட்டா? எதுவும் சாப்புடல. அப்ப அது யாரு கண்ணு? நர்ஸம்மா போன வாரம் தடவிப் பாத்துட்டு, புள்ளை நல்லா வளந்திருக்கு, என்னம்மா குடுக்குறன்னு கேட்டுச்சே? நான் என்ன சொன்னேன்? காய்கறிதாங்கன்னேன். சரி, அதை நெனை. அதையே நெனை. அப்படின்னா உடனே மறுபடியும் அது வருது, பாத்துக்க. நல்ல வார்த்தை ஏன் உள்ள தங்க மாட்டேங்குது, கெட்டது மட்டும் ஏன் பாய் விரிச்சுப் படுத்துக்குது? ஏ அஞ்சுகம், ஒண்ணு யோசி. திருஷ்டின்னு ஒண்ணு இருந்துச்சுன்னா, இருவத்தி ரெண்டு வருசமா இந்த ஊருத் திருஷ்டிய அள்ளுறது யாரு? பூசணிக்காய், எலுமிச்சம்பழம், முச்சந்தியில சுத்திப் போட்ட சோறு, மொளகா, எல்லாம் யாரு கையால போச்சு? எனக்கு ஒண்ணும் ஆகாதாம், என் கைக்கு ஒண்ணும் ஆகாதாம், அதனாலதான் ஏழு வருசமா "அஞ்சுகம், இதை எடுத்துப் போட்டுடு"ன்னு வாசல்ல நின்னு சொன்னாங்க. நான் அள்ளுறப்ப என் வீட்டுல ஒரு பொண்ணு இருக்குறது ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. என் பொண்ணு சாப்புடுறப்பதான் ஞாபகம் வருது. எரியுதுய்யா. அடிவயித்துலேர்ந்து எரியுது எனக்கு.

சந்து வந்துருச்சு. புஷ்பம் வண்டிய நிறுத்திட்டா. வெயிலு இப்பதான் பம்ப் ரூம் கூரை மேல விழுது, காயெல்லாம் சாம்பல் பூசிக்கிட்டு உக்காந்திருக்கு. பன்னெண்டு காயி பாக்கி. மேஸ்திரி டூ வீலர்ல முன்னாடியே வந்து நிக்கிறாரு, சந்துக்கு வெளியில, நல்லா தள்ளி. கூட குப்பை லாரி, டிரைவர் மேல உக்காந்து கதவைக்கூடத் தொறக்கல. எதிர் வீட்டு கேட்டுக்குள்ள வசுமதி அம்மா, ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு. "ம், ஆரம்பி அஞ்சுகம்"ங்குறாரு மேஸ்திரி. மம்பட்டிய எடுத்தேன். கையில கனமா இருந்துச்சு, கம்பி குத்துச்சு. கொடி அடித்தண்டு என் கட்டை விரல் தண்டி இருக்கும், ஒரே வெட்டு. வேலையும் போகாது, பேச்சும் வராது, பாத்துக்கங்குற சொல்லும் அடங்கிரும். ஒரே வெட்டு. மம்பட்டியத் தூக்குனேன்னுதான் நெனைக்கிறேன். அப்ப ஒரு இலை காத்துல திரும்பி என் கால் மேல பட்டுச்சு, சொரசொரன்னு. அவ்வளவுதான். எறக்கிட்டேன்.

"முடியாது மேஸ்திரி."

"என்ன முடியாது? கை வலிக்குதா?"

"கை நல்லாதான் இருக்கு. குப்பைய அள்ளுறது என் வேலை. குப்பையக் காட்டுங்க, அள்ளுறேன். இது குப்பை இல்ல."

என் குரலா இதுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. மேஸ்திரி இப்பதான் என் மூஞ்சியப் பாத்தாரு. "அஞ்சுகம், வெளையாடாத. எட்டு மணிக்கு அவரு வந்தா என் தலை உருளும். நாளைலேர்ந்து மஸ்டர்ல உன் பேரு இருக்காது, சொல்லிட்டேன்"னாரு. பிரசவ நேரம், வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்தி. ஆனா எறக்குன மம்பட்டி மறுபடி ஏற மாட்டேங்குது, நான் என்ன பண்ண? "எடுத்தா எடுங்க"ன்னேன். "ஆனா வெட்டுறது வேற யாராவது வெட்டிக்குங்க. இந்தாங்க." மம்பட்டிய அவரு பக்கம் நீட்டுனேன். சும்மாதான் நீட்டுனேன், சத்தியமா ஒண்ணும் நெனச்சு நீட்டல. அவரு ரெண்டடி பின்னாடி போனாரு. ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னாடி போயிருச்சு. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஐயோ, இவருக்குப் பயம்! மோர்க்குழம்பு குடிச்ச மனுசன், இப்ப தண்டைத் தொடப் பயம். லாரி மேல பாத்தேன், டிரைவரு கண்ணாடிய ஏத்திக்கிட்டான். "தம்பி, நீ வாயேன்"ன்னாரு மேஸ்திரி. "எனக்குப் போன மாசம்தான் சார் கல்யாணம் ஆச்சு, ஆளை விடுங்க"ன்னு உள்ளயிருந்தே கும்புடு போட்டான். மேஸ்திரி புஷ்பத்தைப் பாத்தாரு. "நீ வேதக்காரிதானே, உங்களுக்குத்தான் இதெல்லாம் கெடையாதே, வெட்டு." புஷ்பம் என்னைப் பாத்தா, கொடியப் பாத்தா, கழுத்துல கெடந்த சிலுவையப் புடிச்சுக்கிட்டு, பாவம் போல மூஞ்சிய வச்சுக்கிட்டு, "எனக்கும் பயமா இருக்கு சார், பத்து விரலும் நடுங்குது"ன்னா. கள்ளி! செத்த பூனைய வெறுங்கையில தூக்குறவ. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

கேட்டுக்குள்ளயிருந்து வசுமதி அம்மா, "ஏன் நிக்கிறீங்க? வெட்டச் சொல்லுங்க"ன்னாங்க. நான் மம்பட்டிய எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போனேன். சிமெண்டுச் சரிவு மேல ஏறி, கேட்டுக்கிட்ட நின்னேன். ஏழு வருசத்துல அந்தச் சரிவு மேல கால் வச்சது இன்னைக்குத்தான். "அம்மா, நீங்க உடைக்கிறது, நான் அள்ளுறது, இதுதானே வழக்கம்? இந்த ஊர்ல உங்க திருஷ்டியத் தொடுற கை என் கை ஒண்ணுதான். அது இன்னைக்கு வராது. நாளைக்கும் வராது. கொடி போகணும்னா நீங்க வந்து வெட்டுங்க"ன்னு மம்பட்டிய மதில் மேல வச்சேன், எப்பவும் காய் வைக்கிற இடத்துல. அவங்க மம்பட்டியப் பாத்தாங்க. கை ஸ்வெட்டருக்குள்ள இருந்து வெளியில வரல. எனக்கு அவங்க மேல திடீர்னு கோவம் கொறைஞ்சு போச்சு, அது ஏன்னு தெரியல. ராத்திரி தூங்கியிருக்க மாட்டாங்க போல, கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. "அந்தக் கூட்டு நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களேம்மா"ன்னேன். உள்ள போயிட்டாங்க. கதவைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு.

எட்டு மணிக்கு அந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு. வரட்டும். அவரும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு, பாக்கலாம். மஸ்டர்ல பேரை எடுப்பாங்களோ என்னவோ, எடுத்தா எடுக்கட்டும், அடுத்த ஆயுத பூஜைக்கு மறுநாள் இந்தத் தெருவுக்கு யாரு வருவாங்கன்னு அவங்களே யோசிச்சுக்கட்டும். மேஸ்திரி போன் பேசிக்கிட்டே தூரமா போறாரு. நான் சந்துக்குள்ள போயி நல்லா முத்துன காயாப் பாத்து ஒண்ணு காம்பைத் திருகிப் பறிச்சேன். கம்பி வச்ச கையாலயே தூக்குனேன், வலிச்சுச்சு, பரவாயில்ல. கையெல்லாம் சாம்பல் ஒட்டிக்கிச்சு. கழுவல. வண்டியில துடைப்பத்துக்குப் பக்கத்துல காயை வச்சேன். புஷ்பம், "யாருக்குடி?"ன்னா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி.

"தேன்மொழிக்கு. நேத்து ரசம் ஊத்தி ஏமாத்திட்டேன் புள்ளைய. இன்னைக்கு மோர்க்குழம்பு."